நாற்காலி: பார்வையும் முதுகும்

1

போன வருஷம் எங்கள் கிளையில் 14 நாற்காலிகளைக் கண்டம் பண்ணினோம். ‘பண்ணினோம்’ என்று பன்மையில் சொல்லித் தப்பிப்பது குமாஸ்தா வழக்கம். வாஸ்தவத்தில் பட்டியல் எழுதியவன் நான். வரிசை எண், பொருள், வாங்கிய ஆண்டு, புத்தக மதிப்பு, நிலை என்று ஐந்து பத்திகள். வாங்கிய ஆண்டு யாருக்கும் தெரியவில்லை, கோடு போட்டேன். புத்தக மதிப்பு, தேய்மானம் எல்லாம் கழித்து, ஒரு ரூபாய். நிலை என்ற பத்தியில் முதல் நாற்காலிக்கு ‘உபயோகத்துக்கு லாயக்கற்றது’ என்று எழுதி, மற்ற பதின்மூன்றுக்கும் மேற்படிக் குறி போட்டேன். தேக்குச் சட்டம், பிரம்பு ஆசனம், பிரம்புச் சாய்மானம், ஆணியில்லாமல் துளையும் கழுந்துமாக இறுக்கிய கால்கள். பிரம்பு அறுந்து தொங்கியது என்பதைத் தவிர மரத்தில் ஒரு குறையும் இல்லை. காயலான் கடைக்காரர் ஒன்றுக்கு 150 ரூபாய் கொடுத்து மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் சக்கரம் வைத்த, ரெக்ஸின் தைத்த புது நாற்காலிகள் வந்தன. முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-இல் எடுத்த ‘ப்ரோவெனன்ஸ்’ என்ற படத்தைப் பார்க்க நேர்ந்தது. படம் முடிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கலை அனுபவம் என்று இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14-ஐ எதனால் பெருக்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

இந்த அவமானத்திலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

2

படத்தின் தலைப்புக்கு, ஒரு பொருள் யார் யார் கைமாறி இங்கு வந்தது என்ற பூர்வோத்தரம் என்று பொருள் கொள்ளலாம். நாற்பது நிமிஷம். விவரணைக் குரல் கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பணக்கார வீடுகளில் படம் தொடங்குகிறது. வெள்ளைச் சுவர்கள், பெரிய ஜன்னல்கள், நடுவே தேக்கும் பிரம்புமாகச் சில நாற்காலிகள். அவற்றில் யாரும் உட்கார்ந்த தடயம் இல்லை. அங்கிருந்து படம் பின்னோக்கி நகர்கிறது. ஏலக் கூடம், மரத்தைச் சுரண்டிப் புதுப்பிக்கும் பட்டறை, கப்பல், துறைமுகம், கடைசியாகச் சண்டிகர். அங்கு அதே நாற்காலிகள் அலுவலகங்களில் புழங்கிக்கொண்டும், கால் ஒடிந்து குவிந்தும் கிடக்கின்றன.

சாதாரணமாக இப்படியொரு கதையை நேர்வரிசையில் சொல்லியிருந்தால் ‘குப்பையிலிருந்து கோபுரத்துக்கு’ என்ற அசட்டு நீதிக்கதை கிடைத்திருக்கும். காலத்தைத் திருப்பியதால் ஒவ்வொரு படியிலும் விலை உதிர்ந்துகொண்டே வருகிறது. பொருள் மட்டும் மாறாமல் நிற்கிறது. விலை என்பது பொருளுக்குள் இல்லை என்பதை வாதம் செய்யாமலே படம் நிறுவிவிடுகிறது. சீகல் அதோடு நிற்கவுமில்லை. 2013 அக்டோபர் 19 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இந்தப் படத்தையே ஏலம் விட்டார். அந்த ஏலத்தையும் படமெடுத்து ‘லாட் 248’ என்று பெயரிட்டார். சந்தையைக் காட்டும் கண்ணாடியும் சந்தைச் சரக்குதான் என்ற ஒப்புதல் அது. விமர்சனம் செய்கிறவன் தான் நிற்கும் இடத்தையும் சேர்த்து விமர்சிப்பது நம்மிடையே அபூர்வம் என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் என் மனக்குறை வேறு. காமிரா வழுக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்து மரத்தின் வளைவுகளைத் தடவும்போது, அது ஏல விவரப் புத்தகத்தின் பார்வையையே இரவல் வாங்கியிருக்கிறது. சீகலுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அவரால் வேறு செய்ய முடியவில்லை என்று தோன்றுகிறது. காரணம், காமிராவுக்கு முதுகு இல்லை. நாற்காலி விலை பெறுவதற்கு முன் நாற்காலியாக இருந்த ஐம்பது வருஷத்தைக் காட்ட அதனிடம் வழியில்லை. படம் போய் முடிகிற இடத்தில், கோப்புகளுக்கு நடுவே, என்னைப் போன்ற ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அந்த நாற்காலியோடு என்ன உறவு என்பது படத்துக்கு வெளியே நிற்கும் விஷயம்.

3

அந்த உறவை யோசிக்குமுன் அந்த நாற்காலிகள் பிறந்த சூழலைச் சொல்ல வேண்டும்.

1947 பிரிவினையில் லாகூரை இழந்த கிழக்குப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. நேருவின் உற்சாகத்தில் புதிதாக ஒரு நகரமே கட்டுவது என்று முடிவாகி, 1951-இல் லெ கொர்பூசியே வந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை வந்துபோனவர் அவர். வெயிலிலும் புழுதியிலும் இருந்து வேலை நடத்தியவர் அவருடைய உறவினர் பியர் ஜான்னரே. 1965 வரை அங்கேயே இருந்தார். 1967-இல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. நகரத்தின் அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் ஆயிரக்கணக்கில் மர சாமான்கள் வேண்டியிருந்தன. கரையான் அரிக்காத தேக்கு, காற்று புகும் பிரம்பு, தரையில் இழுத்தாலும் உடையாத தடித்த, தலைகீழ் ‘வி’ வடிவக் கால்கள். எல்லாமே சிக்கனமும் கோடையும் உள்ளூர்த் தச்சனின் உளியும் சேர்ந்து தீர்மானித்த வடிவங்கள். அழகு இதில் தானாக வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்பதையும் மறுக்க முடியாது.

இன்று ஏலங்களில் இவை ‘பியர் ஜான்னரே’ என்ற ஒற்றைப் பெயரில் விற்கப்படுகின்றன. அந்த அலுவலகத்தில் யூலி சௌத்ரி இருந்தார். ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா ஆகியோர் இருந்தனர். வரைபடம் தாண்டி, வெவ்வேறு பட்டறைகளில், வெவ்வேறு ஆண்டுகளில், பெயர் தெரியாத தச்சர்கள் இழைத்தார்கள். அதனால் ஒரே மாதிரி நாற்காலிகளில்கூட அளவு ஒத்துப்போவதில்லை. மூலப் பிரதி என்று ஒன்றே கிடையாது. பாடபேதங்கள்தான் உண்டு. அப்படியானால் அசல் எது, போலி எது என்று சந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சட்டத்தில் வர்ணத்தால் எழுதிய துறைப் பெயரின் எழுத்துகளும் எண்ணும்தான் முக்கியமான சாட்சி. அதாவது, சாமான் பதிவேட்டைச் சரிபார்க்க ஒரு குமாஸ்தா எழுதிவைத்த எண். பெயர் தெரியாத என் இனத்தவன் ஒருவனுடைய கைதான் கலைஞனின் கையொப்பமாகிவிட்டது. இதைப் படித்தபோது நான் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

உடைந்தவற்றையும் உபரியானவற்றையும் சண்டிகர் அலுவலகங்கள் வழக்கமான அரசு ஏலங்களில் விறகு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. 1990களின் கடைசியிலிருந்து எரிக் துஷலோம் போன்ற பாரிஸ் வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கினார்கள். சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு வருஷப் பழமை கேட்கிறது. நாற்காலிகளுக்கு ஐம்பதுதான் ஆகியிருந்தது. வெளிநாட்டு ஏலத்தில் ஒவ்வொன்றும் லட்சங்களைத் தொட்ட பிறகு நமக்குப் பாரம்பரியம் ஞாபகம் வந்தது. 2011-இல் உள்துறை அமைச்சகம் விற்கவும் வெளியே அனுப்பவும் தடை போட்டது. கணக்கெடுத்ததில் 12,000-க்கும் அதிகமான சாமான்கள் தேறின. ‘நாங்கள் காப்பாற்றினோம்’ என்கிறார் வியாபாரி. ‘நம் சொத்தைக் கொள்ளையடித்தார்கள்’ என்கிறார் தேசபக்தர். இரண்டு பேரும் பேசுவது விலையைப் பற்றித்தான். மொட்டை மாடியில் மழையில் நனைந்தபோது அது யாருடைய சொத்தாகவும் இல்லை.

4

சேகரிப்பாளர்கள் பேசாத இன்னொன்று உண்டு. நாற்காலி வெறும் வடிவமல்ல. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற கட்டளையும்கூட. சண்டிகரின் நவீனத்துவமே இதில் முழுசாகச் சுத்தமில்லை. அங்கு வீடுகள் பதவிப் படிகளுக்கேற்ப வகை பிரித்துக் கட்டப்பட்டன. நாற்காலிகளிலும் நீதிபதிக்கு ஒரு மாதிரி, குமாஸ்தாவுக்கு ஒரு மாதிரி.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். தென்னேரியில் நாற்காலி முதலில் வந்தது கணக்குப்பிள்ளை வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்று என் தாத்தா சொல்வார். மற்றவர்களுக்குத் திண்ணை, பாய், கயிற்றுக் கட்டில். அந்தத் திண்ணையிலும் எல்லோரும் ஏற முடியாது. பக்கத்து உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைச் சனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் கொண்டாடுகிறோம். அந்தச் சபையில் உட்காரக் கால் வேலிக்கு மேல் இறை நிலமும் சொந்த மனையில் வீடும் வேத ஞானமும் கேட்டதைக் கல்வெட்டே சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டு போகட்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், கூட்டத்தின்போது தலித் பெண் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்ட புகைப்படம் வெளியானது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி. அழகியல் மதிப்பு எதுவும் அதற்குக் கிடையாது. இருந்தும் நான் பார்த்த நாற்காலிப் படங்களில் அதுதான் மறக்க முடியாதது.

வெள்ளைச் சுவருக்கு முன் காலியாக நிற்கும் நாற்காலியைப் ‘பரிசுத்த வடிவம்’ என்று ரசிக்கிறவனிடமிருந்து மறைக்கப்படுவது இதுதான். காலி நாற்காலியில் யாரும் இல்லை. ஆகவே யாருக்கு இடமில்லை என்ற கேள்வியும் இல்லை.

5

காயலான் கடைக்கு ஓடியதைச் சொல்லவில்லை. பதினாலில் ஒன்றுதான் மிச்சம். பாதியைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் யாரோ வாங்கிப்போயிருந்தார்கள். மற்றவை ஹோட்டல் அடுப்புக்கு. மிச்சமிருந்த ஒன்றுக்கு 900 ரூபாய் கொடுத்தேன். தென்னேரிக்குக் கொண்டுவந்து கூடத்தில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, சுவரோரம் வைத்தேன். அம்மா அதன்மேல் துவைத்த துணியைப் போட்டாள். எடுக்கச் சொன்னேன். ‘பின்னே எதுக்குடா இது?’ என்றாள். பதில் சொல்லவில்லை.

பிரம்பு பின்னக் காஞ்சிபுரத்தில் ஒருவரைச் சொன்னார்கள். அறுபதுக்கு மேல் வயது. இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. பார்வையற்றோருக்கான பள்ளிகளில் நாற்காலி பின்னுவதைத் தொழிலாகச் சொல்லிக்கொடுத்த காலத்தில் கற்றவர். அரசு அலுவலகங்களில் இதற்கென்று வேலையும் கிடைத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஒயர் வந்தது, பிறகு நாற்காலியே பிளாஸ்டிக்காக வந்தது, தொழில் போயிற்று. அவர் நாற்காலியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பழைய பின்னலை விரலால் தடவினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘இதை ரெண்டு பேர் பின்னியிருக்காங்க சார். ஆசனம் ஒருத்தர் கை, சாய்மானம் ஒருத்தர் கை. இழுப்பு வேற வேற. ஆசனம் போட்டவர் நல்ல வேலைக்காரர். சாய்மானம் போட்டவர் அவசரத்துல இருந்திருக்கார்.’

நான் ஒன்பது வருஷம் இந்த நாற்காலிகளுக்கு நடுவே வேலை பார்த்தவன். படம் பார்த்த பிறகு மணிக்கணக்காக இதை உற்றுப் பார்த்தவன். எனக்கு இது தெரியவில்லை. ஒரு பிரதியில் இரண்டு கைகள் இருப்பதை மொழிநடையின் இறுக்கத்தைக் கொண்டு பிரித்தறிவது விமர்சகனின் காரியம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதை இத்தனை சுருக்கமாக, ஆடம்பரமில்லாமல் செய்து நான் பார்த்ததில்லை. ஏலக்காரர்கள் தேடும் பூர்வோத்தரம் யார் யார் சொந்தம் கொண்டாடினார்கள் என்பது. இவர் படித்தது யார் யார் வேலை செய்தார்கள் என்பது.

பிறகு கேட்டார்: ‘யார் உட்காரப் போறது?’

ஏன் என்றேன். உட்காருகிறவரின் கனத்தைப் பார்த்து இழுப்பை வைக்க வேண்டுமாம். கனத்த ஆளுக்குக் கொஞ்சம் நெகிழ்த்தி; இல்லாவிட்டால் ஓரத்துளையில் பிரம்பு அறுந்துபோகும். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யாரையும் உட்காரவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ‘அம்மா’ என்றேன்.

6

நான் சொல்ல வருவது சேகரிப்பவர்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகை என்று நினைத்துவிடக் கூடாது. சேகரிப்பவன் பார்க்கவாவது செய்கிறான். பதினாலு நாற்காலிகளில் தினமும் உட்கார்ந்த நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை. புழக்கம் தன்னளவில் புனிதமான விஷயமல்ல. மேற்படிக் குறி போட்ட கை புழங்கிய கைதான். பார்வையில்லாத புழக்கம் பொருளை விறகாக்குகிறது. புழக்கமில்லாத பார்வை அதைப் பிணமாக்கிப் பாடம் செய்து வைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு. அதற்குப் பழுது பார்த்தல் என்று பெயர். கேட்க அற்பமாக இருக்கும்.

உதாரணம் வேண்டுமானால் சண்டிகர் வரை போக வேண்டியதில்லை. பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, சண்டிகருக்கு முந்தியது. வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட். 1930களின் பிற்பாதியில் தொடங்கிய அந்த வேலையைத் தளத்திலிருந்து நடத்த வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. ஆசிரமவாசியாகவே ஆகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்று, 1939-இல் கிளம்பிப் போனார். பின்னால் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பட்டறை வைத்து, மரவேலையில் உலகப் பெயர் எடுத்தார். அவருடைய மேஜைகள் இன்று சேகரிப்பாளர்கள் மொய்க்கும் பொருள்கள். கோல்கொண்டாவுக்கும் தேக்கில் சாமான்கள் வடிவமைத்துக் கொடுத்தார். அந்த அறைகளில் ஆட்கள் தங்குகிறார்கள், துடைக்கிறார்கள், கழன்றதை முடுக்குகிறார்கள். கண்ணாடியில்லாத அந்தக் கட்டடத்தின் அசையும் தகடுகளைத் தினம் திறந்து மூடும் கைகளே அதைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. ஆசிரமத்தின் நம்பிக்கைகளோடு எனக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அங்கு கண்டம் பண்ணும் பட்டியல் எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

இன்னும் பக்கத்தில் எங்கள் ஏரியே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பழமை கொண்டது. யாரும் அதைச் சேகரிக்க முடியாது. கரையை மெச்சி நின்றதால் அது இருக்கவில்லை. பாசனம் பெற்றவர்கள் வருஷா வருஷம் தூர் வாரி, மதகைச் சரிசெய்து, உடைப்பை அடைத்ததால் இருந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வழக்கொழிந்த அந்தப் பெயரை 2017-இல் அரசு ஒரு திட்டத்துக்கு வைத்தது. பெயர் திரும்பியதுபோல வழக்கமும் திரும்பிவிட்டதா என்பது வேறு கேள்வி.

நம் வட்டத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1959 முதல் 1970 வரை வந்த ‘எழுத்து’ இதழ்களை இன்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கும் நண்பர்களை எனக்குத் தெரியும். செல்லப்பா மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தது படிக்கவைக்க. மூலை மடங்காத முதல் இதழ் என்ன விலை போகும் என்று சென்ற மாதம் ஒருவர் என்னிடம் கேட்டார். உள்ளே இருக்கும் கட்டுரை ஒன்றோடு சண்டை போட வந்தவர் யாரும் இல்லை. புதுக்கவிதை என்ற நாற்காலியில் அறுபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம்; பிரம்பு எங்கே அறுந்திருக்கிறது என்று கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. நம் விமர்சனத்தில் ஏலக் கூவல் உண்டு, கண்டம் பண்ணும் பட்டியலும் உண்டு. இழுப்பு எங்கே மாறுகிறது என்று விரலால் தேடும் பொறுமையைத்தான் காணோம்.

7

பின்னி முடிக்க ஆறு நாள் ஆயிற்று. கூலி 2,200 ரூபாய். பேரம் பேசவில்லை. இப்போது நாற்காலி திண்ணையில் கிடக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். தண்டும் மண்ணும் பின்னலின் கண்களில் விழுந்து கீழே சிதறுகின்றன. இடுப்பு வலிக்குத் தரையைவிட இது தேவலை என்கிறாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யாராவது வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் உட்காருகிறார்களா என்று நான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன். எல்லோரும் இல்லை. இரண்டு பேர், நான் சொல்லியும், திண்ணையின் விளிம்பிலேயே நின்றுகொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பின்னுவதற்கு முன் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்க உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்திருந்தேன். பின்காலில் வெள்ளை வர்ணத்தில் எங்கள் கிளையின் பழைய சாமான் எண் இருந்தது. ‘இதையும் தேய்ச்சு எடுத்துடட்டுமா தம்பி?’ என்று கேட்டார். அவசர அவசரமாக வேண்டாம் என்றேன். அந்த எண்ணை எழுதிய பழைய குமாஸ்தாவுக்கு மரியாதை செய்வதாக அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அப்படிச் சொன்னது குமாஸ்தாவா, ஏலக்காரனா என்று எனக்கு நிச்சயமில்லை. எண் இன்னும் இருக்கிறது.